வேண்டாம் என்று நான் சொன்ன இக்னிஷன் கிட்

கராஜை உங்கள் கையில் விட்டுவிட்டு வந்த பிறகும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வந்திருக்கு. கஸ்டமர் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்றார். போடலாமா, வேண்டாமா?" நீங்கள் எல்லாரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் இழுத்து இழுத்துப் பேசுவதைப் பார்த்து, பெரியவருக்கு ஞாபகம் தப்புகிறது என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னவன் நான். அந்த ஒரு வார்த்தையால் ஒரு மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதை இப்போது சொல்கிறேன்.

முதலில் வேலை விஷயத்தை முடித்துவிடுகிறேன். ரோட்டில் ஓடும் காருக்கு, ரேஸுக்குப் போகாத காருக்கு, எலக்ட்ரானிக் கிட் போட்டால் வண்டி பறக்காது. பிளக்குக்கு நெருப்பு கொடுக்கிற பாயிண்ட் ஒழுங்காக செட் ஆகியிருந்தால், கண்டென்சரும் காயிலும் நல்லபடியாக இருந்தால், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டிக்கு அந்த நெருப்பே தாராளம். தடித்த சிவப்பு ஒயரும் பெரிய காயிலும் பார்க்க அழகு, அவ்வளவுதான். கிட்டால் உண்மையான லாபம் ஒன்றே ஒன்று. பாயிண்ட் தேயும், எலக்ட்ரானிக் தேயாது. அதனால் அடிக்கடி மூடியைத் திறந்து இடைவெளி பார்க்க வேண்டாம். இதெல்லாம் அன்றும் எனக்குத் தெரியும், அட்சரம் பிசகாமல் சொல்வேன். சொன்னது எதுவும் தப்பில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நம் கராஜ் கொஞ்சம் பேர் எடுத்திருந்தது. ஊரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் பையன்கள் வந்து இறங்கிய காலம். கையில் காசும், கண்ணில் வேகமும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு கிட் பெட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள், அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது வேண்டாம். கார்புரேட்டரை க்ளீன் பண்ணிட்டு, பிளக் மாத்திட்டு ஓட்டிப் பாருங்க" என்பேன். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கையைக் குலுக்குவார்கள். வந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற மெக்கானிக் என்று எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தலைக்கனம் என்று அப்போது சொல்லியிருந்தால் ஸ்பேனரால் அடித்திருப்பேன்.

அந்த நாட்களில் எங்கள் கராஜுக்கு மாதக் கடைசி சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் தேவசகாயம் சார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் நுட்பமான கருவிகள் கடைகிற டூல் ரூமில் முப்பது வருடம் இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு சர்ச்சுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்கூரை மடக்குகிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பச்சை நிறம். சிக்மகளூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கோழி அடைந்து கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வேலையில் இருந்தபோதே ஏழு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்தார். கிடைக்காத பாகங்களைத் தன் கையாலேயே கடைந்து போட்டார். பிள்ளை இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவி மேரி அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஹெசரகட்டாவோ தேவனஹள்ளியோ ஒரு சுற்று. அந்த அம்மா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போவதை எங்கள் தெருவே நின்று பார்க்கும்.

சனிக்கிழமை அவர் வந்தால் எங்கள் கராஜில் ஒரு வழக்கம். மூலையில் இருக்கும் பெஞ்சைத் துடைத்து அவருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் வண்டியில் பாயிண்ட் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை அவரைத் தவிர யாரும் தொட மாட்டோம். அவரே மூடியைக் கழற்றி, அவரே பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளியை அளந்து, அந்தச் சின்னஞ்சிறு ஸ்க்ரூவை இறுக்குவார். அளக்கும் தகட்டைப் பேருக்குத்தான் வைத்திருந்தார். கண்ணால் பார்த்தே வைத்துவிட்டு, பிறகு தகட்டை விட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள். கடைசியில் நெருப்பு சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்க்க நான் டைமிங் லைட் மட்டும் பிடிப்பேன்.

ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தார். அவர் வண்டிக்கென்றே செய்த எலக்ட்ரானிக் கிட். யாரோ தெரிந்தவர் மகன் வெளிநாட்டிலிருந்து கிட்டையே அனுப்பியிருக்கிறான், பெட்டி வீட்டில் இருக்கிறது.

"செல்வம், இத போட்டா எப்படி இருக்கும்?"

"எதுக்கு சார்? வேகம் ஒண்ணும் ஏறாது."

"வேகத்துக்கு இல்லப்பா. அடிக்கடி பாயிண்ட் பாக்கற வேலை இல்ல பாரு."

"அஞ்சு நிமிஷ வேலை சார் உங்களுக்கு. அதுக்கு ஒரு பெட்டியா?"

சிரித்தார். நோட்டீஸை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார். அன்று கராஜில் ஆறு வண்டி நின்றது. ஒரு டாக்டரின் கார் பிரேக் கழற்றிய நிலையில் இருந்தது, அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு என் தலைமேல் நின்றார். தேவசகாயம் சார் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் நின்றார். 'ரிட்டயர் ஆனதும் சாருக்கு ஒரு பணக்காரத் தோரணை வந்துடுச்சு' என்று நான் அதையும் கேலி செய்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்தால் பெஞ்சின் மேல் வைத்துவிடுவார். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் குடிப்பார். இதெல்லாம் என் கண்ணில் பட்டது. பட்டதே தவிர நான் பார்க்கவில்லை.

"செல்வம், அந்தக் கிட் விஷயம்..."

"சார், நான்தான் சொன்னேனே. வேஸ்ட்."

அவ்வளவுதான் பேசினோம். டாக்டர் காரை முடித்து அனுப்பினேன். நல்ல வேலை, மெச்சிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த மாதம் அவர் வண்டி வழியிலேயே இருமி இருமி நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழக்கத்தை மீறி நானே டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தேன். உள்ளே அடித்தகட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்க்ரூ விழுந்து கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது உருண்டு போய் எங்கோ இடித்து நெருப்பை நிறுத்தியிருக்கிறது. பாயிண்ட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூவும் பாதிதான் இறுகியிருந்தது. அன்று பழைய கார் வைத்திருக்கும் பையன்கள் நான்கைந்து பேர் கராஜில் இருந்தார்கள். நான் அந்த ஸ்க்ரூவை விரலில் தூக்கிக் காட்டினேன்.

"டூல் ரூம் சார், என்ன இது? நம்ம பசங்க செஞ்சா வெளுத்துடுவேன். நீங்களே உள்ள உட்டுட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், மூன்றாவது முறையாகக் கேட்டார். இப்போது நினைத்தால் அவர் அதற்கு எவ்வளவு துணிந்திருக்க வேண்டும் என்று புரிகிறது.

"அதான் சொல்றேன் செல்வம். அந்தக் கிட் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லையே. இப்பல்லாம் எல்லாரும் போடறாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பையன்களை அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏன் சார், என்ன விஷயம்?" என்று கேட்டிருக்க வேண்டும். நான்கே வார்த்தை. ஆனால் என்னைச் சுற்றி நின்ற பையன்கள் எல்லாம் நான் கிட் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள். அவர்கள் முன்னால் நான் மாற்றிப் பேச முடியுமா? என் பேர் என்ன ஆவது?

"கேட்டுக்கங்கப்பா," என்று பையன்களைப் பார்த்துச் சொன்னேன். "பெங்களூர்லயே பாயிண்ட் செட் பண்றதுல சார அடிச்சுக்க ஆள் கிடையாது. அவரே கிட் போட்டா நாங்கல்லாம் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். சார், அந்தக் கை இருக்கறவரைக்கும் இந்தப் பேச்சே எடுக்காதீங்க."

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். இன்று அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர் நோட்டீஸை நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் அதைப் போட முயன்றார். அது உள்ளே போகவில்லை. இரண்டு முறை பையின் விளிம்பில் தட்டித் தட்டி நின்றது. அதை நான் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று ஒரு கணம் மனதில் தட்டியது. அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது. எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டார்.

அதன் பிறகு மாதக் கடைசி சனிக்கிழமைகள் வந்தன, அவர் வரவில்லை. கோபமாக இருக்கும், தானாக வருவார் என்று இருந்துவிட்டேன். வேலைப்பளு என்று சொல்லலாம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குப் போக ஒரு வருடம் வேலைப்பளு இருக்குமா? போனால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்ற கூச்சம்தான்.

மேரி அம்மாதான் வந்தார். ஒரு காலை, கராஜ் திறந்து கொஞ்ச நேரத்தில், மார்க்கெட் பையோடு வாசலில் நின்றார்.

"தம்பி, வண்டிய குடுத்துடலாம்னு சொல்றார். நல்ல ஆளா பாத்து சொல்லணும் நீங்க."

"சார் எதுக்கும்மா விக்கறார்? என்ன ஆச்சு?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார். "சனிக்கிழமை சனிக்கிழமை இங்கதானே இருந்தார்."

அப்போதுதான் சொன்னார். சாருக்குக் கை நடுக்கம். நரம்பு வியாதி. முதலில் வலது கையில் கட்டைவிரல் மட்டும் ஆடியிருக்கிறது. சும்மா இருக்கும்போதுதான் அதிகம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நின்றுவிடும். ஓட்டலாம் என்று நரம்பு டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சின்ன ஸ்க்ரூவை மட்டும் விரலால் பிடிக்க முடியவில்லை.

"சாப்பாட்டு மேஜைல பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒண்ண வெச்சுக்கிட்டு, ட்வீசர் வெச்சு பழகிட்டே இருப்பார் தம்பி. ஸ்க்ரூ கீழ விழும். நான் குனிஞ்சு தேடி எடுத்துக் குடுப்பேன். மறுபடி விழும். செல்வத்துகிட்ட குடுங்க, அஞ்சு நிமிஷத்துல செஞ்சுடுவார்னு சொன்னேன். குடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்னார். அந்தக் கிட் போட்டுட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்திட்டேன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சிருந்தார்."

அவர் என்னிடம் கிட்டைப் பற்றி யோசனை கேட்கவே இல்லை, தம்பிகளே. தலை நிமிர்ந்தபடி அந்த வேலையிலிருந்து ஒதுங்க ஒரு வழி கேட்டிருக்கிறார். மூன்று முறை கேட்டிருக்கிறார். நான் மூன்று முறையும் எஞ்சினைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

அன்றே வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டம் போட்டேன். கிட்டை நானே போட்டுக் கொடுப்பது, அடுத்த ஞாயிறே இரண்டு பேரையும் ஹெசரகட்டாவுக்கு அனுப்பிவைப்பது. சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். கையை மறைக்கவில்லை.

"சார், அந்தக் கிட் இன்னும் இருக்கா? இப்பவே போட்டுடலாம்," என்றேன்.

"இருக்கு. பீரோல இருக்கு." காலைத் தடவினார். "இப்ப கால் செல்வம். க்ளட்ச்ல வெச்ச காலு, எடுன்னா உடனே எடுக்க மாட்டேங்குது. போன மாசம் எப்படியோ ஸ்டார்ட் பண்ணி எடுத்தேன், வீட்டு கேட்டுலயே ஏத்திட்டேன். இவ பக்கத்துல இருந்தா." மேரி அம்மாவைப் பார்த்தார். "அப்பவே போட்டிருந்தா ஒரு வருஷம் ஓட்டியிருப்போம்."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்கிற டூல் ரூம் பழக்கத்தில் சொன்னார். பாயிண்ட் செட் பண்ண முடியாமல் வண்டி நின்றது ஒரு வருஷம்தான், ஓட்டுவதற்கு அவரிடம் மிச்சம் இருந்த வருஷமும் அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மேரி அம்மா ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு எங்கேயும் போகவில்லை. சார் என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். திட்டவில்லை. வண்டியைத் துடைக்கிற சாக்கில் ஷெட்டுக்குப் போய் நின்றேன்.

வண்டியை வாங்கியவர் மஞ்சுநாத் என்று ஒரு கன்னடக்காரர், நல்ல மனிதர். எங்களிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்தான். தமிழும் கன்னடமுமாகப் பேசுவார். வண்டியோடு அந்தப் பெட்டியையும் சார் அவரிடம் கொடுத்திருந்தார். மஞ்சுநாத் முதல் நாளே அதை என் மேஜைமேல் வைத்தார்.

"இத ஹாக்கிடு குரு."

போட்டுவிடு என்கிறார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது, வேண்டாம் என்ற வார்த்தை. பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடாது. வாயை மூடிக்கொண்டு, முதல் முறையாக ஒரு கஸ்டமரிடம் கேட்டேன். "ஏன் சார்?"

"எனக்கு டியூன் பண்ண வராது. உங்க சாரோட கை என்கிட்ட இல்லயே," என்றார்.

உட்கார்ந்து போட்டேன். பழைய பாயிண்ட்டைக் கழற்றி, புதியதை அந்த இடத்தில் உட்காரவைத்து, இரண்டு ஒயரை இழுத்து இணைத்தேன். ஒரு மக்கரும் பண்ணவில்லை. தொடங்கியதிலிருந்து எஞ்சின் ஓடும் வரை முக்கால் மணி நேரம். அதில் பத்து நிமிஷம் நான் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்கிற கேள்விக்கு என் பதில் இதுதான். கிட்டைப் பற்றி என்ன தெரியுமோ அதை அப்புறம் சொல்லுங்கள். கேட்கிற ஆள் ஏன் கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள். கராஜில் ஆறு வண்டி நின்றாலும், டாக்டர் வாட்சைப் பார்த்தாலும், போன் அடித்தாலும் கேளுங்கள். ஒரே கேள்வியை ஒருவர் இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் அவருக்குப் புரியவில்லை என்று எண்ணாதீர்கள். கேள்வி நமக்குப் புரியவில்லை. நல்லதைத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்கிறது. என் காது அப்படித்தான் அடைத்திருந்தது.

வண்டியை ஒருமுறை சாருக்குக் காட்டிவிட்டுப் போகலாம் என்று மஞ்சுநாத்தான் சொன்னார். காலை வெயில் ஏறுகிற நேரம். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் விட்டுவைத்தார். மேரி அம்மா சாரின் நாற்காலியை வராண்டாவுக்கு நகர்த்தினார். சார் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டாச்சா?"

"போட்டேன் சார்."

"எவ்வளவு நேரம் புடிச்சுது?"

முக்கால் மணி நேரம். சொல்ல வாய் வரவில்லை. உண்மையை மட்டும் சொல்கிற மெக்கானிக் என்று ஊரில் பேர் வாங்கியவன் நான்.

"ரெண்டு நாள் ஆயிடுச்சு சார். ஒண்ணும் சரியா உக்காரல. ராவி ராவி, கழட்டி, திருப்பி மாட்டி... ரொம்ப மோசமான வேலை. இவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்."

முப்பது வருடம் டூல் ரூமில் இருந்தவர். தன் கையால் அந்த டிஸ்ட்ரிபியூட்டரை நூறு முறையாவது பிரித்து மாட்டியவர். கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தாரோ. என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இருக்கும்," என்றார். "கஷ்டமான வேலைதான். நல்ல வேளை, நீ அப்ப வேணாம்னுட்ட."